யாழ் நூலும் பாணர் குடியும்

மறைந்துபோன இசைக்கருவி ஒன்றை மீட்பது எளிதன்று. ஐரோப்பாவில் வழக்கொழிந்த லூட் என்னும் நரம்புக் கருவியை 1893இல் மீண்டும் செய்தளித்த அர்னால்டு டோல்மெட்சுக்குப் பழைய லூட்டுகளும், விரல்முறை குறித்த ஏடுகளும் துணைநின்றன. தமிழரின் யாழை ஆராயப் புகுந்த விபுலாநந்த அடிகளுக்கோ பார்த்துச் செய்வதற்கு ஒரு பழைய யாழேனும் எஞ்சியிருக்கவில்லை. சிலப்பதிகார அரங்கேற்று காதையின் சில அடிகள், அடியார்க்குநல்லார் உரை, சிற்பங்கள் ஆகியவற்றையே அவர் முதன்மைச் சான்றுகளாகக் கொள்ள வேண்டியிருந்தது.

1892இல் காரைதீவிற் பிறந்த அடிகள் விஞ்ஞானப் பட்டதாரி, பின்னர் துறவி, 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர். பல்லாண்டு உழைப்பின் பயனான அவருடைய 'யாழ் நூல்' 1947 ஜூன் 5ஆம் நாள் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. கரந்தைத் தமிழ்ச் சங்கம் அதனை வெளியிட்டது. ஜூலை 19ஆம் நாள் அடிகள் மறைந்தார்.

இந்நூலின் சிறப்பு யாது? பழம்பெருமை பேசுவோர் நம்மிடையே பலர். அடிகள் பெருமை பேசுவதோடு அமையாது, நரம்புகளின் அளவையும் சுரங்களின் விகிதத்தையும் கணக்கிட்டுக் காட்டினார். 21 நரம்புடைய பேரியாழும் 14 நரம்புடைய சகோடயாழும் புலவர் கற்பனையினின்று நீங்கி, அளந்தறியத்தக்க பொருள்களாயின. இலக்கியத்தை விஞ்ஞானக் கண்கொண்டு நோக்கிய இம்முறையை நாம் போற்றுகின்றோம்.

எனினும் நூல் எழுப்பாத வினா ஒன்றுண்டு. யாழை மீட்டிய பாணர் என்னவாயினர்? புறநானூற்றில் மாங்குடி கிழார் பாணனையும் பறையனையும் ஒரே வரிசையில் வைத்து, ஊரின் மதிப்புமிக்க குடிகளாக எண்ணுகின்றார். காலப்போக்கில் இவ்விரு குடிகளும் தாழ்த்தப்பட்டன. யாழ் இலக்கியச் சொல்லாயிற்று. பறை இழிவின் அடையாளமாக்கப்பட்டது. கருவியின் வரலாறு, அதனைக் கையில் ஏந்திய மக்களின் வரலாற்றினின்று பிரிக்கத்தக்கதோ?

டிக்கோயாவிலிருந்து இந்நூலைக் கற்கும் நமக்கு இவ்வினா தொலைவானதன்று. கடல் கடந்து இம்மலைகளுக்கு வந்த உழைப்பாளர் தம்முடன் தப்பையும் கொணர்ந்தனர். பெரட்டுக்கு ஆளழைத்ததும், காமன் கூத்தை நடத்தியதும், இறந்தவரை வழியனுப்பியதும் அத்தப்பே. யாழின் புகழைக் கேட்டு மகிழும் கற்றோருள்ளும் தப்படித்தலை இழிதொழிலெனக் கருதுவோர் இன்னும் உளர். யாழைப் போற்றித் தப்பை ஒதுக்குவோர், பாணரைத் தாழ்த்தியவர் செய்த பிழையையே மீண்டும் செய்கின்றனர்.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற் பணியாற்றிய நாளில் திருவேட்களத்துச் சேரிப் பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டியவர் விபுலாநந்தர். அவர் வழி நிற்பதாகக் கூறும் ஆசிரியர்களும் மாணவர்களும் இன்றே செய்யத்தக்க பணி ஒன்றுண்டு: தோட்டந்தோறும் வழங்கும் தப்பின் அடிவகைகளை, அவற்றைக் கற்றறிந்த முதியோர் வாழும் நாளிலேயே, அடிகள் நரம்பை அளந்த அதே நுணுக்கத்தோடு பதிவுசெய்தல் வேண்டும். எஞ்சிய சில அடிகளைக் கொண்டு யாழைத் தேட நேர்ந்தமை நம் முன்னோரின் புறக்கணிப்பால் விளைந்தது. தப்புக்கும் அந்நிலை நேர விடலாகாது.