ஆர்.சி.ஏ. 1802: ஒதுங்கி நிற்கும் செயலி

அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனத்துக்காக 1802 நுண்செயலியின் அமைப்பை உருவாக்கிய ஜோசப் வைஸ்பெக்கர், 1976 ஆகஸ்டு மாதத்துப் ‘பாப்புலர் எலெக்ட்ரானிக்ஸ்’ இதழில் வரைந்து காட்டிய ‘எல்ஃப்’ என்னும் 256 பைட் கணினியை அனுசரித்துப் பூட்டிய பலகையொன்றில் அச்செயலியை இயக்கிப் பார்த்தேன். வேகத்தை நாடுவோருக்கு இது உகந்ததன்று. பெரும்பாலான ஆணைகள் ஒவ்வொன்றுக்கும் 16 கடிகாரத் துடிப்புகளை விழுங்கிவிடும். இதன் விசேஷமெல்லாம் வெளியுலகத்தோடு இது நடத்தும் கொடுக்கல் வாங்கலில்தான் இருக்கிறது.

இன்டெல் 8080-இல் வெளியே செல்ல வேண்டிய பைட், முதலில் அக்யுமுலேட்டருக்குள் புகுந்தே புறப்பட வேண்டும். 1802-ஓ, கல்யாணத் தரகன் இரு வீட்டாரையும் எதிரெதிரே உட்காரவைத்துவிட்டு விலகிக்கொள்வது போல, எந்தச் சாதனம் என்பதை மூன்று கம்பிகளில் அறிவித்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள, நினைவகமே பைட்டைப் பொதுப் பாதையில் வைக்கிறது. சாதனம் அதை எடுத்துக்கொள்கிறது. மூன்றிலும் சுழியம் இருந்தால் ‘யாரையும் அழைக்கவில்லை’ என்று பொருளாதலால், வாசல்கள் எட்டல்ல, ஏழே.

பதினாறு ரிஜிஸ்டர்களில் எது நிரல்சுட்டி, எது தரவுசுட்டி என்பதை நாமே நியமிக்கலாம். இரண்டு உத்தியோகத்தையும் ஒன்றுக்கே தந்தாலும் ஆட்சேபமில்லை. ரீசெட் செய்தவுடன் நிலைமை அதுவேயாகையால், 64 55 00 என்று மூன்றே பைட்டுகளைச் சுவிட்சுகளால் ஏற்றி ஓடவிட்டேன். 55 காட்சிப் பலகையில் உடனே ஒளிர்ந்தது. அவற்றை ஏற்றுவதற்கு ரோம் சில்லு எதுவும் தேவைப்படவில்லை. இரண்டு கம்பிகளைத் தாழ்த்தினால், பொத்தானை அழுத்துந்தோறும் ஒரு பைட் டி.எம்.ஏ. வழியே நினைவகத்தில் நேரே இறங்குகிறது.

குறையும் உண்டு. வெளியீட்டு ஆணை தரவுசுட்டியை ஒன்று கூட்டிவிடும். உள்ளீட்டு ஆணையோ அதைத் தொடுவதே இல்லை. ஆகவே, ஒரே இடத்திலிருந்து மீண்டும் மீண்டும் அனுப்ப விரும்புபவர் ஒவ்வொரு தடவையும் ஒன்றைக் கழித்தாக வேண்டும்; இந்த அசமத்துவம் புதியவரை நிச்சயம் அலைக்கழிக்கும். ஆயினும் அதே அசமத்துவத்தில் ஒரு வினோதம் ஒளிந்திருக்கிறது: இரு சுட்டிகளும் ஒன்றாயிருக்கையில் உள்ளே வாங்கிய பைட், அடுத்த ஆணை இருக்க வேண்டிய இடத்திலேயே அமர்ந்து, ஆணையாகவே நிறைவேறிவிடுகிறது. 6C 00 00 என்று ஏற்றி, சுவிட்சுகளில் 7B வைத்து ஓடவிட்டால், நிரலில் எங்குமே எழுதப்படாத கட்டளைக்குக் கீழ்ப்படிந்து செயலியின் ‘க்யூ’ என்னும் வெளியீட்டுக் கம்பியில் பூட்டிய விளக்கு எரிகிறது.