பழைய ஜெர்சியே தகுதியா?

2026 ஜனவரியில் மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்து கிளப் தன் மேனேஜர் ரூபன் அமோரிமை வீட்டுக்கு அனுப்பியது. சில நாள் டேரன் ஃப்ளெட்சர் அணியைப் பார்த்துக்கொண்டார். பிறகு, சீசன் முடியும்வரை என்ற பேச்சில் கிளப்பின் முன்னாள் வீரர் மைக்கேல் கேரிக் வந்தார். வந்ததும் வராததுமாக மான்செஸ்டர் சிட்டியையும் ஆர்சனலையும் அடுத்தடுத்து வீழ்த்தினார். அதோடு பழைய பல்லவி தொடங்கிவிட்டது: இனி வெளியே யாரையும் தேட வேண்டாம், நம்ம ஆளே இருக்கிறார். முன்னாள் வீரர்கள் தொலைக்காட்சியில் அமர்ந்து இதற்கு ஒரு தத்துவமும் சொல்கிறார்கள். நீண்டகால மேனேஜர் அலெக்ஸ் ஃபெர்குசன் காலத்துத் தரத்தை உள்ளே இருந்து பார்த்தவருக்குத்தான் கிளப்பின் ஆன்மா தெரியுமாம். ரசிகனுக்கு அது உள்ளுணர்வாகவே தெரியுமாம், நிர்வாகத்துக்குத்தான் தெரியவில்லையாம்.

கேரிக் நல்ல மேனேஜரா இல்லையா என்ற வழக்குக்கு நான் வரவில்லை. அவரை எந்தத் தராசில் நிறுக்கிறார்கள் என்பதுதான் என் வழக்கு.

ரசிகர்களின் விவாதத்தை வெட்டிப்பேச்சு என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 2021 ஏப்ரலில் பெரிய கிளப்புகள் தங்களுக்கென ஐரோப்பிய சூப்பர் லீக்கை அறிவித்தபோது, ஆறு இங்கிலாந்து கிளப்புகளையும் இரண்டே நாளில் பின்வாங்க வைத்ததில் தெருவில் இறங்கிய ரசிகர்களுக்குப் பெரும்பங்கு உண்டு. பின்களத்தில் மூவரை நிறுத்தி நடுக்களத்தை இருவரிடம் விட்டால் என்ன ஆகும் என்று அமோரிமின் ஆட்டமுறையைப் பற்றிச் சாதாரண ரசிகர்கள் முதலிலிருந்தே சொல்லி வந்தார்கள். 2024-25 சீசனில் அணி 42 புள்ளிகளோடு 15ஆம் இடத்தில் முடிந்தபோது அவர்கள் சொன்னதே நடந்தது. முன்னாள் வீரர்கள் வெற்றிகரமான மேனேஜர்கள் ஆனதும் உண்டு. பார்சிலோனாவில் பெப் கார்டியோலா, ரியல் மாட்ரிட்டில் ஜிடேன், ஆர்சனலைத் தூக்கி நிறுத்திய ஆர்டெட்டா. இதையெல்லாம் மறுக்கவில்லை. ஆனால் கார்டியோலா முதலில் பார்சிலோனாவின் பி அணியையும், ஜிடேன் மாட்ரிட்டின் இரண்டாம் அணியான காஸ்டியாவையும் நடத்திக் காட்டியவர்கள். ஆர்டெட்டா சிட்டியில் கார்டியோலாவின் பக்கத்தில் நின்று தொழில் கற்றவர். பழைய ஜெர்சி அவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டிருக்கலாம். உள்ளே போய் என்ன செய்வது என்பதை அவர்கள் வேறிடத்தில் கற்றிருந்தார்கள்.

மேனேஜரைத் தேடும்போது ரசிகர்கள் செய்வது ஜாதகப் பொருத்தம் பார்ப்பதுதான். எந்த ஊர், யார் கையில் வளர்ந்தவர், நம் குலத்தோடு என்ன உறவு என்று பத்துப் பொருத்தமும் பார்க்கிறார்கள். அவருக்கு வேலை தெரியுமா என்ற கேள்வி பந்தி முடிந்த பிறகுதான் எழுகிறது. கிளப்பும் இதே பொருத்தம்தான் பார்த்தது. 2013இல் ஃபெர்குசன் தமக்குப் பின் டேவிட் மோயஸ் என்று கைகாட்டினார். இருவருமே கிளாஸ்கோவில் பிறந்த ஸ்காட்லாந்துக்காரர்கள், ஒரே கிளப்பில் ஆண்டுக்கணக்கில் நிலைத்து நின்றவர்கள். பொருத்தம் பிரமாதம். ஆறு ஆண்டு ஒப்பந்தம் போட்டார்கள். பத்து மாதத்தில், 2014 ஏப்ரலில், மோயஸ் வெளியேற்றப்பட்டார், அணி ஏழாம் இடத்தில் முடிந்தது. அதே மோயஸ் 2023இல் வெஸ்ட் ஹாமுக்கு ஓர் ஐரோப்பியக் கோப்பை வாங்கித் தந்தார். அவருக்குத் தொழில் தெரியாமல் இல்லை. ஆனால் அவரைத் தேர்ந்தெடுத்தவர்கள் பார்த்தது சாயலை.

‘கிளப்பை அறிந்தவரே வேண்டும்’ என்ற வாதம் யுனைடெட்டின் சொந்த வரலாற்றிலேயே நிற்காது. அந்தக் கிளப்பை உருவாக்கியவர் மேட் பஸ்பி. அவர் விளையாடியது எங்கே? 1934இல் எஃப்.ஏ. கோப்பை வென்ற மான்செஸ்டர் சிட்டியில், அதன்பின் லிவர்பூலில். இன்றைய ரசிகர்களின் தராசில் பஸ்பி நேர்முகத் தேர்வுக்கே அழைக்கப்பட்டிருக்க மாட்டார். 1986 நவம்பரில் அபர்டீனிலிருந்து வந்த ஃபெர்குசனும் யுனைடெட்டின் சட்டையை ஒருநாளும் போட்டவர் இல்லை. இருபத்தாறு ஆண்டுகள், 13 லீக் பட்டங்கள், இரண்டு சாம்பியன்ஸ் லீக் கோப்பைகள். எந்த ஆன்மாவைக் காக்க வேண்டும் என்கிறார்களோ, அதைப் படைத்த இருவருமே வெளியாட்கள். அந்த இருவருக்கும் நடுவே ‘நம்ம பிள்ளை’யும் ஒருவர் வந்தார். பஸ்பியின் கையில் வளர்ந்த வில்ஃப் மெக்கின்னஸ். 1969இல் பொறுப்பேற்றார். 1970 டிசம்பரில் அவரை இறக்கிவிட்டு, பஸ்பியே திரும்பி வர வேண்டியிருந்தது.

மற்ற கிளப்புகளின் கதையும் இதுதான். செல்சி ரசிகர்களின் கண்மணி ஃபிராங்க் லாம்பார்ட் 2021 ஜனவரியில் மேனேஜர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். அவருக்குப் பின் வந்த தாமஸ் டூக்கல், செல்சியோடு எந்த ஒட்டும் உறவும் இல்லாதவர், அதே வீரர்களைக் கொண்டு அந்த மே மாதமே சாம்பியன்ஸ் லீக்கை வென்றார். ஒன்பது ஆண்டு தொடர்ந்து இத்தாலியப் பட்டம் வென்றிருந்த யுவென்டஸ், ஓர் ஆட்டத்தைக்கூட மேனேஜராக நடத்தியிராத தன் முன்னாள் வீரர் பிர்லோவிடம் 2020இல் அணியைக் கொடுத்து நான்காம் இடத்துக்கு இறங்கியது. 2024 ஜனவரியில் லிவர்பூல் மேனேஜர் க்ளோப் விடைபெறுவதாக அறிவித்ததும் அதன் ரசிகர்கள் ஒரே குரலில் சொன்ன பெயர் சாபி அலோன்சோ. அவர் திறமைசாலிதான். அந்த சீசனில் லெவர்குசனை வைத்து ஓர் ஆட்டமும் தோற்காமல் புண்டஸ்லிகாவை வென்றவர். ஆனால் பேச்சு அங்கிருந்து தொடங்கவில்லை, லிவர்பூலுக்காக இஸ்தான்புல் இறுதிப்போட்டியில் அவர் அடித்த கோலிலிருந்து தொடங்கியது. அலோன்சோ வரவில்லை. லிவர்பூலோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஆர்னே ஸ்லாட் வந்து, நான்கு ஆட்டங்கள் மீதமிருக்கவே 2024-25 பட்டத்தை வென்றார். அடுத்த சீசனில் அவர் தடுமாறியதும் மறுபடி அலோன்சோவின் பெயர்தான் எழுந்தது. இந்த நோய் ஒரு பட்டத்தால் தீருவதில்லை.

இந்தத் தராசு எப்படி ஏமாற்றும் என்பதற்கு ஓர் இரவை மட்டும் அருகில் போய்ப் பார்த்தால் போதும். 2019 மார்ச் 6, பாரிஸ். யுனைடெட்டில் மூரின்யோ நீக்கப்பட்டு, 1999 சாம்பியன்ஸ் லீக் இறுதிப்போட்டியின் நாயகன் ஓலே குன்னார் சோல்ஷார் தற்காலிகமாக வந்திருந்தார். சாம்பியன்ஸ் லீக்கின் முதல் ஆட்டத்தில் சொந்த மைதானத்தில் பாரிஸ் அணியான பிஎஸ்ஜியிடம் 0-2 தோற்றிருந்த யுனைடெட், பத்து வீரர்கள் இல்லாமல் பாரிஸில் இறங்கி 3-1 வென்று காலிறுதிக்குப் போனது. மகத்தான இரவுதான். ஆனால் அந்த மூன்று கோல்கள் எப்படி வந்தன? இரண்டாம் நிமிடத்தில் கேரர் பின்னால் தட்டிய பந்து தவறிப்போய் லுகாகுவின் காலில் விழுந்தது. முப்பதாம் நிமிடத்தில் ராஷ்ஃபோர்ட் தூரத்திலிருந்து அடித்ததை புஃபோன் பிடிக்க முடியாமல் நழுவவிட, மறுபடி லுகாகு. 94ஆம் நிமிடத்தில் டாலோ அடித்த பந்து கிம்பெம்பேயின் கையில் பட, வீடியோ பார்த்து நடுவர் கொடுத்த பெனால்டி. மூன்றும் எதிரணியின் பிழையில் பிறந்தவை. பந்து பெரும்பாலான நேரம் பிஎஸ்ஜியின் கால்களில்தான் இருந்தது.

அணியின் போராட்ட குணத்துக்கு அந்த இரவு சாட்சி, சந்தேகமில்லை. மேனேஜரின் ஆட்டத்திட்டத்துக்கு அது என்ன சாட்சி? அதை யாரும் கேட்கவில்லை. ரியோ ஃபெர்டினாண்ட் நேரலையிலேயே, ஒப்பந்தத்தை எடுத்து வையுங்கள், தொகையை அவரே எழுதிக்கொள்ளட்டும் என்று உருகினார். சீசன் முடியும்வரை பொறுக்கலாம் என்றவர்களை நன்றி கெட்டவர்கள்போலப் பார்த்தார்கள். அடுத்த இரண்டு ஆட்டங்களில் ஆர்சனலிடமும் வுல்வ்ஸிடமும் யுனைடெட் தோற்றது. அதையும் மீறி மார்ச் 28 அன்று மூன்று ஆண்டு ஒப்பந்தம் கையெழுத்தானது. தற்காலிகப் பதவியில் 19 ஆட்டங்களில் 14 வெற்றி. நிரந்தரமான பிறகு அந்த சீசனில் மிச்சமிருந்த பத்து ஆட்டங்களில் இரண்டே வெற்றி, ஆறு தோல்வி. கடைசி நாளில், ஏற்கெனவே லீக்கிலிருந்து இறங்கிவிட்டிருந்த கார்டிஃபிடம் ஓல்ட் டிராஃபோர்டிலேயே 0-2.

அதே கார்டிஃப் 2014இல் லீக்கிலிருந்து இறங்கியபோது அதன் மேனேஜர் சோல்ஷார்தான். அதற்கு முன் நார்வேயின் மோல்டேவுக்கு இரண்டு லீக் பட்டங்கள் வாங்கித் தந்திருந்தார். அவரை எடைபோட உண்மையான சரக்கு இந்த இரண்டிலும் இருந்தது. மோல்டேயில் பலித்தது கார்டிஃபில் ஏன் பலிக்கவில்லை என்று பேசியிருக்கலாம். பேச்செல்லாம் 1999இல் பாயர்ன் வலைக்குள் போன அந்த ஒரு பந்தைச் சுற்றியே நடந்தது.

‘நம்ம ஆள்’ தோற்கக்கூடும் என்பதோடு என் மறுப்பு முடிந்துவிட்டால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. வெளியாட்களும் தோற்றார்கள். வான் கால், மூரின்யோ, டென் ஹாக், அமோரிம் யாரும் கிளப்பின் பிள்ளைகள் இல்லை, யாரும் நிலைக்கவும் இல்லை. என்னை உறுத்துவது வேறு. இந்தத் தராசு ரசிகனின் வாயை அடைத்துவிடுகிறது. மோயஸுக்கு எதிராக ஒன்பதாம் மாதத்தில், மைதானத்துக்கு மேலே விமானத்தில் வாசகம் கட்டிப் பறக்கவிட்டார்கள். சோல்ஷாருக்கு ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் கிடைத்தன. 2021 ஜூலையில் ஒப்பந்தத்தை நீட்டித்தார்கள். அக்டோபரில் சொந்த மைதானத்தில் லிவர்பூலிடம் 0-5 தோற்ற பிறகும் இன்னும் நான்கு வாரம் நாற்காலியில் இருந்தார். அவர் இரண்டாம் இடம்வரை அணியைக் கொண்டுவந்தார் என்பார்கள். உண்மை. மூரின்யோவும் 2018இல் இரண்டாம் இடம் கொண்டுவந்தார், அந்த டிசம்பரிலேயே போனார். அதே இடம், அதே கிளப், வேறு தீர்ப்பு. வித்தியாசம் ஆட்டத்தில் இல்லை, யாரைத் திட்ட நமக்கு மனம் வருகிறது என்பதில் இருக்கிறது.

இதனால் லாபம் யாருக்கு? 2005இல் கடன் வாங்கிக் கிளப்பை வாங்கி, அந்தக் கடனைக் கிளப்பின் தலையிலேயே கட்டியது கிளேசர் குடும்பம். ஃபெர்குசன் ஓய்வுபெற்று ஏறத்தாழ எட்டு ஆண்டு கழித்து, 2021 மார்ச்சில்தான் கிளப் முதன்முதலாக ஒரு கால்பந்து இயக்குநரை நியமித்தது. அதுவரை எந்த ஆட்டமுறைக்காக வீரர்களை வாங்குகிறோம், அதை எந்த மேனேஜர் நடத்துவார் என்ற இரண்டையும் சேர்த்துப் பார்க்க முறையான ஏற்பாடே இல்லை. வான் காலுக்காக வாங்கிய வீரர்கள் மூரின்யோவுக்கு ஆகவில்லை, மூரின்யோ கேட்டவர்கள் அடுத்தவருக்குச் சுமையானார்கள். ரசிகர்கள் உரக்கக் கேட்டிருக்க வேண்டியது இதைத்தான். அவர்கள் பெயர்ப்பட்டியலில் மூழ்கியிருந்தார்கள். இத்தகைய முதலாளிக்குக் கோபமான கூட்டத்தை அடக்க, அந்தக் கூட்டமே கொண்டாடும் ஒருவரை முன்னால் நிறுத்துவதைவிட மலிவான வழி இருக்கிறதா? அரங்கமே கொண்டாடும் பெயர்களை வாயிலில் நிறுத்திவிட்டால், கல்லெறிய யாருக்கும் கை வராது. 2024 பிப்ரவரியில் ஜிம் ராட்கிளிஃப் பங்கு வாங்கிக் கால்பந்துப் பொறுப்பைக் கையில் எடுத்த பிறகும், நெருக்கடி வரும்போதெல்லாம் ஓடிப்போய்த் தேடுவது பழைய புகைப்படங்களில்தான்: நிஸ்டல்ரூய், ஃப்ளெட்சர், கேரிக்.

கேரிக்கை எடைபோட வேண்டுமா, சரக்கு இருக்கிறது. 2022 அக்டோபரில் மிடில்ஸ்பரோ இரண்டாம் பிரிவில் 21ஆம் இடத்தில் தத்தளித்தபோது பொறுப்பேற்று, அந்த சீசனிலேயே நான்காம் இடத்துக்கு ஏற்றினார். பிளேஆஃப் அரையிறுதியில் கவென்ட்ரியிடம் தோற்றார். அதற்கடுத்து எட்டாம் இடம், பிறகு பத்தாம் இடம், 2025 ஜூனில் வெளியே. முதல் ஆண்டின் வேகம் ஏன் தேய்ந்தது? எதிரணிகள் அவருடைய ஆட்டத்தைப் படித்துவிட்டனவா, நல்ல வீரர்கள் விற்கப்பட்டார்களா, பின்களத்தை அவர் சரிசெய்யத் தவறினாரா? யுனைடெட்டின் அடுத்த ஐந்தாண்டை முடிவுசெய்யக்கூடிய கேள்விகள் இவை. இவற்றைப் பேசுகிறவர்களை விரல்விட்டு எண்ணலாம். யுனைடெட்டுக்காக அவர் ஆடிய 464 ஆட்டங்களைப் பற்றிப் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள். சிட்டியையும் ஆர்சனலையும் வென்ற இரண்டு ஆட்டங்களைக் காட்டுகிறவர்கள், சோல்ஷாரின் 14 வெற்றிகளை ஒருமுறை நினைத்துப் பார்க்கட்டும்.

கேரிக் தகுதியானவர் என்றே முடிவாகலாம். ஆகட்டும். அது மிடில்ஸ்பரோவின் மூன்று சீசன் கணக்கிலிருந்து வரட்டும், அவர் கையில் இருக்கும் பதக்கங்களிலிருந்து வர வேண்டாம். திட்டுவதற்கு நா எழாத ஒருவரை மேனேஜராகக் கேட்கிற ரசிகன் தன் வாயைத் தானே தைத்துக்கொள்கிறான். காசு கொடுத்து டிக்கெட் வாங்கியவனிடம் மிச்சமிருக்கும் ஒரே அதிகாரம் அந்தத் திட்டுதான். அதை மரியாதை என்ற பெயரில் முதலாளிக்கு எழுதிக் கொடுக்க வேண்டிய அவசியம் அவனுக்கு இல்லை.