கேட்டவர் எங்கே?

ஒரு புத்தகத்தின் பெயரிலிருந்து ஆரம்பிக்கிறேன். 1977இல் மெக்ஸிகோவில் ஸ்பானிய மொழியில் வெளியானபோது அதன் பெயருக்கு 'என்னைப் பேச அனுமதிப்பீர்களானால்...' என்று அர்த்தம். முடிவில் மூன்று புள்ளிகள். 1978இல் ஆங்கிலத்தில் வந்தபோது 'என்னைப் பேச விடுங்கள்!' என்றாகி, புள்ளிகள் போய் ஆச்சரியக்குறி ஏறிவிட்டது. சின்ன விஷயம் என்று விட்டுவிடலாம்தான். ஆனால் இரண்டு பெயர்களும் இரண்டு வேறு காரியங்களைச் செய்கின்றன. முதலாவது எதிரில் ஒருவர் இருப்பதை ஏற்று, அவர் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிற்கிறது. இரண்டாவது மேடையேறிவிட்டது. பொலிவியாவின் தகரச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மனைவியான டொமிதிலா பாரியோஸ் தே சுங்காரா இரண்டு விதமாகவும் பேசியவர். அவர் புத்தகத்தை எப்படிப் படிப்பது என்பதில் நமக்குள்ள குழப்பமும் இந்த இரண்டு பெயர்களுக்கு நடுவில்தான் இருக்கிறது.

டொமிதிலா 1937இல் பிறந்தவர். பத்து வயதில் தாயை இழந்தபின் தங்கைகளை வளர்த்தவர். 1957இல் கணவருடன் சிக்லோ வெய்ந்தே சுரங்கக் குடியிருப்புக்கு வந்தார். பெயருக்கு 'இருபதாம் நூற்றாண்டு' என்று அர்த்தம். இந்தக் கேலியை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. 1952 புரட்சிக்குப் பின் சுரங்கங்கள் அரசுடைமையாயின. எஜமானர்கள் மாறினார்கள், நிலத்தடித் தூசி மாறவில்லை. தொழிலாளிக்கு நுரையீரல் கெட்டுப்போகும்வரை கம்பெனி வீடு உண்டு. அவன் செத்தால் விதவை வீட்டைக் காலி செய்ய வேண்டும். 1967 ஜூன் 24, சான் ஹுவான் பண்டிகை இரவு. குடியிருப்பில் நெருப்பு மூட்டிக் கொண்டாடிக் களைத்தவர்கள்மேல் விடியலில் ராணுவம் சுட்டது. அதன் பின் கைதான டொமிதிலா அப்போது கர்ப்பிணி. சிறையில் அடிபட்டார், குழந்தையை இழந்தார்.

இதையெல்லாம் அவர் எழுதவில்லை, சொன்னார். மொயெமா வீஸெர் என்ற பிரேசில் பெண் கேட்டார். 1975இல் மெக்ஸிகோ நகரில் சர்வதேசப் பெண்கள் ஆண்டுக்காக நடந்த கூட்டங்களில் தொடங்கிய பரிச்சயம் இது. பிறகு நீண்ட உரையாடல்கள். டொமிதிலா பல கூட்டங்களில் பேசியதும் இதில் சேர்ந்தது. எல்லாவற்றையும் வீஸெர் கோத்து, டொமிதிலாவிடமே திரும்பக் காட்டி, ஒப்புதல் வாங்கியிருக்கிறார். பேச்சின் தன்மையை மாற்றாமல் விட்டதாக முன்னுரையில் சொல்கிறார். பெருமளவுக்கு அது உண்மை. வாக்கியங்கள் சுற்றிச்சுற்றி வருகின்றன. சொன்னதையே இன்னொரு முறை சொல்லித்தான் அடுத்ததற்குப் போக முடிகிறது.

ஆனால் வீஸெர் கேட்ட கேள்விகள் பக்கத்தில் இல்லை. என் பிரச்சினை இதுதான்.

இது ஒரு உத்திப் பிரச்சினை மட்டும் என்று நினைப்பவர்கள், புத்தகத்தில் மாதர் கமிட்டி பிறந்த கதையைப் பார்க்க வேண்டும். 1961. தொழிற்சங்கத் தலைவர்கள் சிறையில். மனைவிகள் ஒவ்வொருவராக லா பாஸ் நகருக்குப் போய் 'என் புருஷன்' என்று அதிகாரிகளின் கதவைத் தட்டுகிறார்கள். ஒவ்வொருத்தியும் அவமானப்பட்டுத் திரும்புகிறாள். திரும்பி வந்தபின் தனக்கு நடந்ததை ஒருத்தி இன்னொருத்தியிடம் சொல்கிறாள். சொல்லும்போதுதான் எல்லோருக்கும் ஒரே விஷயம் நடந்திருப்பது தெரிகிறது. சேர்ந்து போகிறார்கள், உண்ணாவிரதம் இருக்கிறார்கள், கமிட்டி உண்டாகிறது. ஆரம்பத்தில் இவர்களைப் பார்த்துச் சீட்டியடித்து, போய்ச் சமையலைப் பாருங்கள், துணி துவையுங்கள் என்று கத்தியவர்கள் வேறு யாரும் இல்லை, அந்தச் சுரங்கத் தொழிலாளிகளேதான்.

ஆக, கமிட்டி ஒரு தத்துவத்திலிருந்து வரவில்லை. ஒருத்தி சொல்ல இன்னொருத்தி கேட்டதிலிருந்து வந்தது. தன் கதையைத் தன் சொந்தக் கதையாக எடுத்துக்கொள்ள வேண்டாம், இது தன் ஜனங்களுடையது என்று டொமிதிலா தொடக்கத்திலேயே கேட்டுக்கொள்கிறார். இதை அடக்கம் என்றோ கோஷம் என்றோ படிப்பது தவறு. சொல்லிக் கேட்டதால் மட்டுமே தனி அனுபவம் பொது அனுபவமானது என்பதை நேரில் கண்டவரின் பேச்சு அது. அப்படியானால், நண்பரிடம் உரையாடுதல் இந்தப் புத்தகத்துக்கு வெறும் வழிமுறை அல்ல, அதன் உள்ளடக்கமே. உள்ளடக்கத்தின் பாதியை எடுத்துவிட்டு மீதியை அச்சிட்டிருக்கிறார்கள்.

எடுத்தும் முழுதாக எடுக்க முடியவில்லை என்பது வேறு விஷயம். கேட்டவரின் தடம் பதில்களில் கிடக்கிறது. மெக்ஸிகோ மண்டபக் காட்சி பிரசித்தமானது. படுகொலைகளைப் பற்றிப் பேசியது போதும், பெண்களாக நம்மைப் பற்றிப் பேசுவோம் என்று வசதியான ஒரு சீமாட்டி சொல்ல, டொமிதிலா அவருடைய தினமொரு உடுப்பையும் சிகையலங்காரத்தையும் காரையும் டிரைவரையும் எண்ணிக்காட்டி, உங்களுக்கும் எனக்கும் எதில் ஒற்றுமை என்று திருப்பிக் கேட்கிறார். எல்லோரும் மேற்கோள் காட்டுவது இதைத்தான். அது எதிராளியிடம் பேசிய பேச்சு. கச்சிதம், ஒவ்வொரு வாக்கியமும் குறி பார்க்கிறது.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறொரு பகுதி. காலை நான்கு மணிக்கு எழுந்து, மாவுக்குள் கறியும் உருளைக்கிழங்கும் வைத்துச் சுடும் சால்தேன்யாவைத் தயாரித்துத் தெருவில் விற்பதிலிருந்து, தன் ஒரு நாளை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறார். அப்புறம் ஒரு கணக்கு. துணி துவைக்கக் கூலி இவ்வளவு, சமையலுக்கு ஆள் வைத்தால் இவ்வளவு, குழந்தை பார்க்க இவ்வளவு என்று பட்டியல் போட்டுக் கூட்டிப் பார்த்தால், வீட்டில் அவள் சம்பளமில்லாமல் செய்யும் வேலையின் மதிப்பு சுரங்கத்தில் புருஷன் வாங்கும் சம்பளத்தைத் தாண்டிவிடுகிறது. தினமும் கணக்கோடு மாரடிக்கிற எனக்கு இந்தப் பக்கம் உறைத்தது. ஆனால் இதன் தொனி மண்டபத்தின் தொனி அல்ல. 'நீ எத்தனை மணிக்கு எழுந்திருப்பாய்?' என்று பக்கத்தில் உட்கார்ந்து ஒருத்தி கேட்டிருந்தால்தான் இவ்வளவு விஸ்தாரமாக, அவசரமில்லாமல் இந்தப் பதில் வரும். மண்டபம் யாரிடமும் எத்தனை மணிக்கு எழுந்திருப்பாய் என்று கேட்காது.

புத்தகத்தின் மூன்றாம் பகுதி 1976ஐப் பற்றியது. மாநாடு, கோரிக்கைகள், வேலைநிறுத்தம், ராணுவம் என்று வருகிறது. விஷயம் கனமானதுதான், ஆனால் குரல் விறைத்துப்போகிறது. சுற்றறிக்கை படிக்கிற உணர்வு. டொமிதிலாவிடம் குறை இருப்பதாக நான் நினைக்கவில்லை. அங்கே சிநேகிதி கேட்பதை நிறுத்திவிட்டார் என்றே தோன்றுகிறது. அல்லது உலகத்துக்காகக் கேட்க ஆரம்பித்துவிட்டார்.

கேள்விகளை நீக்குவதால் என்ன ஆபத்து என்பதற்கு இன்னொரு புத்தகம் உதாரணம். 1982 ஜனவரியில் குவாதமாலாவின் ரிகோபெர்த்தா மெஞ்சு பாரிஸில் எலிசபெத் புர்கோஸின் வீட்டில் ஒரு வாரம் தங்கித் தன் கதையைச் சொன்னார். சோளரொட்டியும் கறுப்புப் பயறும் தங்களைச் சிநேகிதமாக்கியதாகப் புர்கோஸ் எழுதுகிறார். பிறகு தன் கேள்விகள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஒலிநாடாக்களைத் தனிமொழியாக்கினார். மரியாதையால்தான் செய்தார். 1983இல் புத்தகம் வந்தது. 1992இல் மெஞ்சுவுக்கு நோபல் சமாதானப் பரிசு. 1999இல் டேவிட் ஸ்டோல் என்ற மானிடவியலாளர், சில சம்பவங்களை மெஞ்சு நேரில் பார்த்திருக்க முடியாது, படிப்பே இல்லை என்றது சரியில்லை என்று புத்தகம் எழுத, பெரிய விவகாரமாயிற்று. மற்றவர்களின் அனுபவங்களையும் தன் கதையில் சேர்த்துச் சொன்னதை மெஞ்சு பின்னர் ஒப்புக்கொண்டார்.

யார் பக்கம் நியாயம் என்று இங்கே தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. ஒன்றைத்தான் கேட்கிறேன். கேள்விகள் பக்கத்தில் இருந்திருந்தால் இந்த வழக்கு இதே ரூபத்தில் வந்திருக்குமா? 'அதை நீ பார்த்தாயா?' என்று சிநேகிதி கேட்டிருக்கலாம், கேட்காமலே விட்டிருக்கலாம். இரண்டில் எது என்று வாசகனுக்குத் தெரிந்திருக்கும். 'நான்' எங்கே முடிந்து 'நாங்கள்' எங்கே தொடங்குகிறது என்பது உரையாடலில் தெரியும். கேட்பவரை நீக்கிய உடனே அது பிரமாண வாக்குமூலமாகிவிடுகிறது. வாக்குமூலம் என்றால் குறுக்கு விசாரணைக்கு ஆள் வரத்தான் செய்யும்.

நம் பக்கத்திலும் இந்தப் பிரச்சினை இல்லாமலில்லை. வீரம்மா என்ற தலித் விவசாயக் கூலிப் பெண் ஜோஸியான் ரஸீனிடம் தமிழில் சொன்ன வாழ்க்கை 1995இல் முதலில் பிரெஞ்சில்தான் புத்தகமானது. வீரம்மா இயக்கக்காரர் அல்ல. ஆனால் சொன்னவர் பெயரும் கேட்டவர் பெயரும் சேர்ந்தே ஆசிரியர் பெயராக வந்தது கவனிக்க வேண்டிய விஷயம். நம் பதிப்புகளில் பெரும்பாலும் 'சொல்லக் கேட்டு எழுதியவர்' என்ற வரி அட்டையோடு நின்றுவிடுகிறது. உள்ளே கேட்டவரைக் காணோம்.

இது இலக்கியமல்ல, வெறும் ஆவணம் என்று சொல்லும் நண்பர்கள் உண்டு. தோழியின் இருப்பெல்லாம் குட்டி பூர்ஷ்வாத் தனிமனிதவாதம், போராட்டம்தான் முக்கியம் என்று சொல்லும் நண்பர்களும் உண்டு. இருவரும் ஒரே தவறைச் செய்கிறார்கள். பேச்சு யாரும் கேட்காமலே உற்பத்தியாகும் என்று நம்புகிறார்கள். முதலாமவர் உருவத்தைத் தேடுகிறார். இங்கே உருவம் என்பதே இரண்டு பேர். இரண்டாமவருக்கு, சொல்லிக் கேட்டுத்தான் அந்தக் கமிட்டி பிறந்தது என்பதை ஞாபகப்படுத்தினால் போதும்.

இவ்வளவு உறுதியாகப் பேச எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. நானும் இதைச் செய்திருக்கிறேன். என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு அக்கா. சங்கத்தில் முப்பது வருஷம். வாயிற்கூட்டம், சஸ்பென்ஷன், மாற்றல் எல்லாம் பார்த்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டில் உட்கார்ந்து செல்போனில் பதிவு செய்தேன். என் கேள்விகளை எடுத்துவிட்டுத் தனிமொழியாக எழுதி, அறுபது பக்கம் கொண்டுபோய்க் கொடுத்தேன். படித்துவிட்டுச் சொன்னார்: "எல்லாம் நான் சொன்னதுதான் தம்பி. ஆனா சஸ்பெண்ட் ஆனதைச் சொல்லும்போது நான் சிரிச்சேன். நீ டீயைச் சட்டையில கொட்டிக்கிட்ட, அதுக்குத்தான் சிரிச்சேன். இதுல ஏதோ பெரிய வீராங்கனை மாதிரி சிரிக்கிறேன்."

வீட்டுக்கு வந்து பதிவை மறுபடி ஓடவிட்டு, என் கேள்விகளை ஒவ்வொன்றாக எழுதினேன். பயமாக இருந்ததா என்று நான்கு முறை கேட்டிருக்கிறேன். வீட்டில் சம்மதித்தார்களா என்று மூன்று முறை. ஒரு ஆண் தோழரிடம் நான் ஒருபோதும் கேட்டிருக்க மாட்டாத கேள்விகள். வாயிற்கூட்டம் முடிந்து போனபின் ராத்திரிச் சமையலை யார் செய்தது என்று ஒரு முறைகூடக் கேட்கவில்லை. கேள்விகளை நீக்கியபோது அவருடைய குரலுக்கு இடம் விடுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். நீக்கியது என் லட்சணத்தை. பற்றை மறைத்து வரவை மட்டும் எழுதின பேரேடு அது.

டொமிதிலா அந்தப் புத்தகத்தோடு நிற்கவில்லை. 1977 டிசம்பர் இறுதியில் சுரங்கத் தொழிலாளிகளின் மனைவியர் நால்வர் லா பாஸில் உண்ணாவிரதம் தொடங்க, சில நாளில் அவரும் சேர்ந்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் உட்கார, 1978 ஜனவரியில் பான்ஸெர் ஆட்சி பொதுமன்னிப்பு வழங்க வேண்டி வந்தது. 1980 ராணுவப் புரட்சிக்குப் பின் ஸ்வீடனில் அகதி வாழ்க்கை. 1985க்குப் பின் தகர விலை விழுந்து, அரசுச் சுரங்கங்களில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலையிழந்தார்கள். அந்தக் குடியிருப்பு உலகமே கலைந்துபோனது. 2012 மார்ச் 13இல் கோச்சபம்பாவில் இறந்தார். இனி அவரிடம் யாரும் ஒன்றும் கேட்க முடியாது.

அக்காவிடம் கேட்கலாம். அடுத்த ஞாயிறு போகிறேன். சமையலிலிருந்து ஆரம்பிக்க உத்தேசம். இந்தத் தடவை என் கேள்விகளும் அச்சில் இருக்கும், அசட்டுத்தனமானவை உள்பட.