நாளைய வடிவில் தமிழ்: வன்னியின் பெயர்ப்பலகைகளுக்கு ஓர் எழுத்துரு

வட்டம், சதுரம், நேர்கோடு ஆகியவற்றைக் கொண்டே எழுத்தைக் கட்டும் போக்கு, 1927இல் போல் ரென்னரின் ‘பியூச்சரா’ எழுத்துருவோடு வலுப்பெற்றது. 1962இல் அல்டோ நோவரேசே வரைந்த ‘யூரோஸ்ரைல்’ மூலை மழுங்கிய சதுரத்தில் நின்றது. அறிவியல் புனைவுப் படங்களில் அதுவே எதிர்காலத்தின் முகமாயிற்று. அந்த முகத்தைத் தமிழுக்கு எப்படிக் கொடுப்பது? வன்னியில் ஏ9 வீதியோரம் எழுந்துவரும் கடைகளுக்கும் கணினி நிலையங்களுக்கும் இது அன்றாடக் கேள்வி.

கேத்திரகணித எழுத்து வன்னிக்குப் புதிதல்ல. வவுனியா மாவட்டத்துப் பெரிய புளியங்குளத்தில் தமிழ் வணிகன் விசாகனைக் குறிக்கும் பிராமிச் சாசனங்கள் உள்ளன. பிராமியில் ‘க’ ஒரு கூட்டல் குறி; ‘ர’ நிமிர்ந்த ஒரு கோடு. ஓலையும் எழுத்தாணியும் வந்தபின் வளைவுகள் பெருகின என்பர். ஆனாலும் ‘ட’வும் ‘ப’வும் இன்றும் செங்கோணத்திலேயே நிற்கின்றன.

இன்று கிடைக்கும் தமிழ் எழுத்துருக்கள் பலவகை. பிரியா ரவிச்சந்திரனின் ‘கட்டமரான்’ 9 தடிமன்களில் வரும் தெளிவான நவீன எழுத்துரு. ‘ஏக் டைப்’ குழுவின் ‘அனேக் தமிழ்’ ஒடுங்கிய வடிவிலிருந்து அகன்ற வடிவுவரை நீளும். அதே குழுவின் ‘பலூ தம்பி’ தடித்துருண்டது. கொழும்பு ‘மூனியாக்’ குழுவின் ‘போஸ்ட் நோ பில்ஸ் ஜஃப்னா’ அச்சுத்தகட்டில் வெட்டிய எழுத்தின் சாயலுடையது. ஒவ்வொன்றும் தன்னளவில் நன்று. ஆயினும் ‘யூரோஸ்ரைல்’ போல முற்றிலும் சதுரத்தில் நின்று, தூரத்திலும் பிழையின்றி வாசிக்கத்தக்க தமிழ்த் தலைப்பெழுத்துக்கு இடம் இன்னும் இருக்கிறது.

சிக்கல் சுழியில் உள்ளது. சதுரமாக்கும் ஆசையில் சுழியைத் தட்டையாக்கினால் மூன்றுசுழி ‘ண’வும் இரண்டுசுழி ‘ன’வும் ஒன்றையொன்று ஒத்துவிடும். ‘ர’வின் கால் சாய்வை நீக்கினால் அது வெறும் ‘ா’ அரவாகிவிடும். நம் மூன்று ஊர்ப்பெயர்களே இதற்கு உரைகல். ‘கிளிநொச்சி’யில் மூன்று இகர விசிறிகள் தலைக்குமேல் எழும், ‘நொ’ மட்டும் மூன்று வடிவங்களின் அகலத்தைக் கேட்கும். ‘முல்லைத்தீவு’ மேலே புள்ளியும் விசிறியும், கீழே உகரமுமாக இரு திசையிலும் இடம் கேட்கும். ‘வவுனியா’வில் வளைவும் சுழியும் அடுத்தடுத்து வரும். மும்மொழிப் பலகையில் ஆங்கிலப் பேரெழுத்துக்குரிய அதே உயரத்தைத் தமிழுக்கும் அளந்து கொடுத்தால், மேலும் கீழும் இடம்விட்டு எழுத்தின் உடல் சிறுத்துப்போகும்.

பயன்பாடும் வடிவத்தைத் தீர்மானிக்கிறது. ஸ்ரிக்கர் வெட்டும் இயந்திரத்தில் மெல்லிய இணைப்புகள் கிழியும். ஒளிப்புள்ளிகளில் ஓடும் பலகையில் சிறு சுழி அடைபட்டு ‘கீ’ ‘கி’யாகிவிடும். விளையாட்டுக் கழக மேலாடையின் முதுகில் தடித்த, அகன்ற எழுத்தே எடுபடும். நீண்ட பத்திகளுக்கு இத்தகைய எழுத்து ஆகாது. தலைப்பு, பெயர், இலச்சினை ஆகியவையே அதன் களம்.

ஆகவே ரோமன் எழுத்தைச் சதுரமாக்கிய அளவுகோலைத் தமிழ்மேல் வைப்பது வீண். சுழியை முதல் அலகாகவும், ‘ட’, ‘ப’ தரும் செங்கோணத்தை இரண்டாவது அலகாகவும் கொண்டு தொடங்க வேண்டும். பாமினி முறையில் தட்டச்சுப் பழகியவர்களுக்கு யுனிகோட் எழுத்துருவைக் கையாளும் வழியையும் கூடவே கற்பிக்க வேண்டும். கிளிநொச்சி அறிவியல் நகரிலும் வவுனியாவிலும் பல்கலைக்கழக மாணவர்கள் இருக்கிறார்கள். பலகை எழுதிப் பழகிய கைகளும் இருக்கின்றன. இரு தரப்பும் ஒரு மேசையில் அமர்ந்து இம்மூன்று ஊர்ப்பெயர்களையும் வரைந்து பார்த்தால், வன்னி தன் எழுத்தை வெளியே தேடவேண்டியதில்லை.