ஃபேர்வெதரின் குடிசை

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து கரையோரம், துணை வெப்பமண்டலத்தில் இருக்கிறது பிரைபி தீவு. ஸ்காட்லாந்தில் பிறந்த ஓவியர் இயான் ஃபேர்வெதர் 1953-இல் அங்கே குடியேறினார். அப்போது அவருக்கு அறுபது தாண்டிவிட்டது. முந்தைய ஆண்டுதான் தானே கட்டிய தெப்பத்தில் டார்வினிலிருந்து தனியாகக் கடலில் இறங்கி, சாவோடு மல்லுக்கட்டி மீண்டிருந்தார்.

பைன் மரங்களுக்கு நடுவே, கிடைத்த கம்புகளை நட்டு, கூரை வேய்ந்து, தன் கையாலேயே குடிசை போட்டார். மின்சாரம் கிடையாது. இரவானால் மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில்தான் தூரிகையைத் தொடுவார். வரைந்தது கித்தானில் அல்ல, அட்டையிலும் செய்தித்தாளிலும். இன்று அவற்றைப் பாதுகாக்க அருங்காட்சியகங்கள் படாதபாடு படுகின்றன.

அந்த விளக்கொளி படங்களுக்குள்ளேயே புகுந்துவிட்டது என்றுதான் எனக்குப் படுகிறது. 1961-இல் வரைந்த ‘மடாலயம்’ ஓவியத்தைப் பாருங்கள்: சாம்பல், பழுப்பு, சுண்ணாம்பு வெள்ளை. கோட்டின் மேல் கோடு, அழித்த இடத்தில் இன்னொரு கோடு. உற்றுப் பார்த்தால் கும்பலாக மனித உருவங்கள் மெல்லத் தலைகாட்டும். முன்பு வாழ்ந்த சீனாவின் எழுத்துக்கலை அந்தக் கைவீச்சில் இருக்கிறது. இதற்கிடையே சீன நாவலொன்றையும் மொழிபெயர்த்து, தானே படம் வரைந்து 1965-இல் வெளியிட்டார். 1974-இல் இறக்கும்வரை பிரைபிதான் அவருக்கு வீடு.