குருந்தக்கல்லை எப்படி ரசிப்பது?

நகைக்கடையில் மாணிக்கத்தை விளக்குக்கு நேரே பிடித்துத்தான் காட்டுவார்கள். ஒளி உள்ளே புகுந்து வந்தால் உயர்ந்த கல், புகாவிட்டால் மட்டமான கல். அந்த ஒரே அளவுகோலோடு காங்கேயம் பக்கத்துக் காட்டுக்கோ பரமத்தி வேலூர்ப் பக்கத்துக் கரட்டுக்கோ போனால், அங்கே கிடைக்கும் குருந்தக்கல் ஏமாற்றத்தையே தரும். பழுப்போடிய சிவப்பு, சாம்பல், மண்ணோடு மண்ணாகத் தெரியும் ஊதா. பெரும்பாலும் ஒளி புகாத கட்டிகள். ஆனால் மாணிக்கமும் நீலமும் இதே குருந்தத்தின் தெளிந்த வகைகள்தான். அலுமினியமும் ஆக்சிஜனும் மட்டுமே சேர்ந்த ஆக்சைடு இது. துளி குரோமியம் புகுந்தால் சிவப்பு, இரும்பும் டைட்டானியமும் சேர்ந்து புகுந்தால் நீலம். உலகமெங்கும் கனிமவியல் நூல்களில் ‘கோரண்டம்’ என்று அச்சாகும் பெயரும் குருந்தம் என்ற நம் சொல்லிலிருந்து போனதே. லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் 1798இல் சார்லஸ் கிரெவில் இந்தக் கல்லைப் பற்றி எழுதினார். பூர்னோன் பிரபு அதன் படிக வடிவங்களை அளந்து 1798லும் 1802லும் எழுதினார். மாணிக்கம், நீலம், குருந்தம் மூன்றும் ஒரே கனிமம் என்பது ஐரோப்பாவில் நிலைபெற இந்தக் கட்டுரைகள் பெரிதும் உதவின. ஆங்கிலேயர் ‘கர்னாட்டிக்’ என்று அழைத்த நம் பகுதியிலிருந்து போன கற்களும் அந்த ஆய்வில் இருந்தன. ஆக, இந்தக் கல்லுக்கு நகைக்கடை விளக்கு போதாது. குருந்தத்தை ரசிக்க அதன் உள்ளே பார்ப்பதைவிட அதைச் சுற்றிப் பார்க்க வேண்டும். இன்னும் சரியாகச் சொன்னால், அதைச் சுற்றி எது இல்லை என்று பார்க்க வேண்டும்.

இல்லாததைக் கொண்டு ஒன்றை அடையாளம் காண்பது நமக்குப் புதிதல்ல. மோகன ராகத்தில் மத்தியமமும் நிஷாதமும் வராது. அந்த இரண்டு சுரங்களும் விலகி நிற்பதால்தான் அது மோகனம். குருந்தத்துக்கு அப்படி விலக்கான சுரம் சிலிக்கா, அதாவது கொங்கு நாட்டார் வெங்கச்சாங்கல் என்று சொல்லும் வெள்ளைக் கல்லின் பொருள். பூமியின் மேலோட்டில் எடைக்கணக்கில் ஆக்சிஜன் சுமார் 46 விழுக்காடு, சிலிக்கான் 28, அலுமினியம் 8. குருந்தத்துக்கு வேண்டிய இரண்டு தனிமங்களும் காலடியில் கொட்டிக் கிடக்கின்றன. அப்படியிருந்தும் குருந்தம் அரிது. காரணம், அலுமினியத்தைத் தனியாக இருக்க சிலிக்கா விடுவதில்லை. எங்கே கண்டாலும் பிடித்துத் தன்னோடு சேர்த்து ஃபெல்ஸ்பாராகவும் அபிரகமாகவும் ஆக்கிவிடும். அவை மட்கினால் களிமண். பூமிக்கடியில் கடும் வெப்பமும் அழுத்தமும் உள்ள இடத்தில் குருந்தமும் வெங்கச்சாங்கல்லும் தொட்டுக்கொண்டால் இரண்டும் கூடி சில்லிமனைட், கயனைட் போன்ற வேறு கனிமமாக மாறிவிடும். எனவே ஒரு பாறையில் குருந்தம் படிகமாக நிற்கிறது என்றால், அந்தப் பாறை உருவானபோது அந்த இடத்தில் சிலிக்கா எல்லாருக்கும் பகிர்ந்து தீர்ந்துபோயிருந்தது, அலுமினியம் மிஞ்சியிருந்தது என்று பொருள். வரப்போரம், ஓடை, கிணற்று மேடு என்று எங்கு குனிந்தாலும் வெங்கச்சாங்கல் கையில் சிக்கும் கொங்கு மண்ணில் இது எவ்வளவு அபூர்வமான நிலை என்பதை எண்ணிப் பாருங்கள்.

முதலில் கல்லைக் கையில் எடுத்து எடை பாருங்கள். ஒரு கிலோ வெங்கச்சாங்கல் எவ்வளவு பெரிதோ அவ்வளவே பெரிய குருந்தம் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ இருக்கும். கண் எதிர்பார்த்ததைவிடக் கை அதிகம் இறங்கும். அடுத்து வடிவம். இரண்டும் ஆறு பக்கம் கொண்டவையாக வளரக்கூடியவை என்பதால் குழப்பம் வரும். வெங்கச்சாங்கல் படிகம் பென்சில்போல முனை கூர்ந்து நிற்கும். அதன் பக்கங்களில் குறுக்குக் கோடுகள் ஓடும். குருந்தமோ நடுவில் பருத்து இரு முனைகளிலும் ஒடுங்கிய பீப்பாய்போல இருக்கும். முனையில் கூர் இருக்காது, தட்டையாக வெட்டிவிட்டதுபோல் முடியும். அந்தத் தட்டை முகத்தில் சாய்வெயில் படும்படி பிடித்தால் பல கற்களில் பட்டுத்துணியின் மினுக்கம் தெரியும், சிலவற்றில் முக்கோணமாகப் பின்னிய மெல்லிய வரிகளும் தெரியும். உண்மையான பிளவுத்தளம் இந்தக் கனிமத்துக்குக் கிடையாது. படிகம் வளர்ந்தபின் பட்ட அழுத்தத்தால் குறிப்பிட்ட தளங்களில் மட்டும் பிரிய இசைகிறது. அந்த வரிகள் அழுத்தம் பட்ட தழும்புகள். கொங்கு நாட்டில் நிறையக் கிடைக்கும் கார்னெட்டும் சிவப்பு, அதுவும் கனம். ஆனால் அது உருண்டையாக, பன்னிரண்டு முகங்களோடு வளரும், பீப்பாய் ஆகாது. இளஞ்சிவப்பு ஃபெல்ஸ்பார் ஏறக்குறைய செங்கோணத்தில் இரு தளங்களாக உடையும், எடை குறைவு. கடினம் கடைசிச் சோதனையாக இருக்கட்டும். மோஸ் அளவுகோலில் குருந்தம் 9, வெங்கச்சாங்கல் 7, வைரம் 10. கண்ணாடியைக் கீறிப் பார்ப்பவர்கள் உண்டு. அது வீண், வெங்கச்சாங்கல்லே கண்ணாடியைக் கீறும். வெங்கச்சாங்கல்லின் வழவழப்பான முகத்தில் இது கோடு போடுகிறதா என்று பார்ப்பதே சரி. ஒரு விரற்கடை போதும்.

இந்த வாதத்துக்குச் சாட்சி வேண்டுமென்றால் காங்கேயத்திலிருந்து திருப்பூர் போகும் சாலையே போதும். சிவன்மலையும் படியூரும் அந்தச் சாலையில் அடுத்தடுத்து வருகின்றன. ஆண்டவன் உத்தரவுப் பெட்டிக்காகப் பெயர்பெற்ற முருகன் கோயில் இருக்கும் அதே சிவன்மலையைப் பற்றித்தான் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் டி. எச். ஹாலண்ட் 1901இல் தனி நூலே வெளியிட்டார். சென்னைப் பக்கத்துப் பாறைக்குச் சார்னகைட் என்று பெயரிட்டவரும் அவரே. சிவன்மலையின் பாறை நெஃபலின் சயனைட். நெஃபலின் என்பது சிலிக்கா போதாமல் பாதியில் நின்றுபோன கனிமம். இன்னும் கொஞ்சம் சிலிக்கா கிடைத்திருந்தால் அது ஃபெல்ஸ்பாராகியிருக்கும். ஆகவே நெஃபலின் இருக்கும் பாறையில் வெங்கச்சாங்கல் இருக்க முடியாது. அந்தப் பாறைத் தொகுதியிலேயே குருந்தம் தாங்கிய சயனைட்டையும் ஹாலண்ட் பதிவு செய்தார். படியூரில் கதை வேறு. அங்கே பெக்மடைட் என்னும் பருமணிப் பாறையில் கடல்நீர் நிறத்துப் பெரில் கிடைத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அதற்காகச் சுரங்கம் வெட்டினார்கள். பெரிலியம், அலுமினியம் இரண்டையும் சிலிக்கா தன் வீட்டுக்குள் சேர்த்துக்கொண்டதுதான் பெரில். ஒரே சாலை, ஒரே வெயில், இரண்டு ஊர்களிலும் அலுமினியம் உண்டு. சிலிக்கா தாராளமாக இருந்த இடத்தில் பெரில், இல்லாத இடத்தில் குருந்தம். இரண்டு கற்களையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்கு அந்த ஊர்களின் பாறை வரலாறு முழுவதும் உள்ளங்கையில் கிடைத்துவிடுகிறது.

நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி இன்னொரு வகை. அங்குள்ள வெண்பாறை அனார்த்தோசைட். வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். சந்திரயான் 2 திட்டத்துக்காக இஸ்ரோ இந்தப் பகுதிப் பாறையை அரைத்துத்தான் நிலவு மண்ணுக்கு மாற்று மண் செய்தது, ஏனென்றால் நிலவின் வெளிறிய மேட்டு நிலமும் பெரும்பாலும் இதே வகைப் பாறை. ஏ. பி. சுப்பிரமணியம் 1956இல் வெளியிட்ட விரிவான ஆய்வு இந்தத் தொகுதியை உலகறியச் செய்தது. இங்குள்ள ஃபெல்ஸ்பார் கால்சியம் மிகுந்தது. சாதாரண ஃபெல்ஸ்பாரில் ஓர் அலுமினிய அணுவுக்கு மூன்று சிலிக்கான் அணுக்கள் துணை. இதில் ஒன்றுக்கு ஒன்றுதான். அலுமினியம் இவ்வளவு தளர்வாகக் கட்டப்பட்டிருக்கும் பாறையில் கொஞ்சம் சமநிலை தவறினாலும் குருந்தம் தலைகாட்டும். வெண்பாறைக்கு நடுவே கறுப்புப் பட்டைகளாகக் குரோமைட் அடுக்குகள் ஓடுகின்றன. சிவப்புக்கு வேண்டிய குரோமியம் பக்கத்து அடுக்கிலேயே இருக்கிறது. வெள்ளை, கறுப்பு, இடையிடையே இளஞ்சிவப்பு என்று அந்தப் பாறையின் வெட்டுமுகம் தரும் காட்சியை எந்த மோதிரத்தில் பதித்த மாணிக்கமும் தராது.

சிலிக்காவின் விலகல் பிறப்பிக்கும் அரிய ஆக்சைடுகள் வேறிடத்திலும் உண்டு. சுவீடனில் லாங்பான் என்ற பழைய சுரங்கத்தில் 1924இல் கிரெகோரி அமினோஃப் ஒரு கனிமத்தைக் கண்டறிந்து, தத்துவஞானி இமானுவேல் ஸ்வீடன்போர்க் நினைவாக ஸ்வீடன்போர்கைட் என்று பெயரிட்டார். சோடியம், பெரிலியம், ஆன்டிமனி மூன்றும் சேர்ந்த ஆக்சைடு அது. நமக்கு ஆன்டிமனி என்றால் அஞ்சனக்கல், அதாவது கந்தகத்தோடு சேர்ந்த கறுப்புத் தாது. அது ஆக்சிஜனோடு, அதுவும் பெரிலியத்தைத் துணை சேர்த்துக்கொண்டு, படிகமாவது மிக அரிது. படியூரில் சிலிக்காவுக்குள் அடங்கிப் பெரிலாகிவிட்ட அதே பெரிலியம், கால்சைட்டும் இரும்புத் தாதும் மிகுந்து சிலிக்கா குறைந்த லாங்பான் மூலையில் ஆன்டிமனியோடு போய்ச் சேர்ந்தது. சிவன்மலைக் குருந்தத்தின் தர்க்கத்தைப் புரிந்துகொண்டவருக்கு அந்தச் சுவீடன் கல் அந்நியமாகத் தோன்றாது.

இதற்கு மறுப்புகள் உண்டு, அவை நியாயமானவையும்கூட. குருந்தமும் வெங்கச்சாங்கல்லும் ஒரே காட்டில் கிடைக்கின்றனவே, ஒரே பாறையில் இரண்டையும் கண்டதாக உலகின் சில இடங்களிலிருந்து குறிப்புகளும் இருக்கின்றனவே என்று கேட்கலாம். காட்டில் சேர்ந்து கிடப்பது மழையும் ஏரும் சேர்த்து வைத்தது. பிறப்பில் அவை சேர்ந்திருக்கவில்லை. பாறையிலும்கூட அருகில் என்பதை மில்லிமீட்டரில் அளக்க வேண்டும். நுண்ணோக்கியில் பார்த்தால் பெரும்பாலும் இரண்டுக்கும் நடுவே சில்லிமனைட்டோ வேறொரு கனிமமோ மெல்லிய வேலியாக நிற்கும். அந்த வேலியே விதியை உறுதிசெய்கிறது. இன்னொரு மறுப்பு கனமானது: இது ரசனையா, வேதியியல் பாடமா? அழகு கண்ணுக்குத் தெரிந்தால் போதாதா? தெளிவும் நிறமும்தான் அழகு என்றால், அவற்றை 1902இல் வெர்னேய் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் தன் உலையிலேயே செய்துவிட்டார். அலுமினாப் பொடியைச் சுடரில் உருக்கிச் சொட்டவைத்துச் சில மணி நேரத்தில் மாணிக்கம் வளர்த்தார். வேதியியலில் அதற்கும் இயற்கைக் கல்லுக்கும் வேறுபாடில்லை. உலையால் செய்ய முடியாதது கல்லைச் சுற்றிய வீட்டை. நெஃபலினும் வெள்ளை ஃபெல்ஸ்பாரும் குரோமைட் பட்டையும் சேர்ந்த அந்தச் சூழலைக் கழித்துவிட்டு, பட்டை தீட்டிய துண்டை மட்டும் ரசிப்பவர் எளிதில் நகலெடுக்கக்கூடிய பகுதியைத்தான் ரசிக்கிறார்.

நம் முன்னோர் தெளிந்த கல்லைத்தானே தேடினார்கள் என்பதும் பாதி உண்மை. நொய்யல் கரைக் கொடுமணலில் 1985 முதல் நடந்த அகழாய்வுகளில் பெரில், நீலம், படிகம் ஆகியவற்றின் மணிகளும் செய்து முடிக்காத துண்டுகளும் கிடைத்தன. ஆனால் தெளியாத குருந்தத்துக்கும் நம் நாட்டில் தனி மதிப்பு இருந்தது. அதைப் பொடித்து, அரக்கில் குழைத்து, சாணைச் சக்கரம் செய்தார்கள். வாளும் கத்தியும் கூர்ப்பட்டது அதில்தான், மணிகள் மெருகேறியதும் அதில்தான். இன்று கோவைப் பட்டறைகளில் பம்புத் தண்டையும் வார்ப்பு உறுப்பையும் தேய்க்கும் பழுப்புச் சாணைச் சக்கரங்களில் இருப்பதும் இதே அலுமினிய ஆக்சைடுதான், பாக்சைட்டை மின்னுலையில் உருக்கி எடுத்தது. அந்தச் சக்கரத்திலிருந்து பொறி பறப்பதைப் பார்ப்பவர் குருந்தத்தின் கடினத்தை நேரிலேயே பார்க்கிறார்.

பார்க்கப் போகிறவர்கள் ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு போவது நல்லது. நிலத்துக்காரரிடம் கேட்டுக்கொண்டு போங்கள்; கோயில் மலையில் கல்லைத் தொடாதீர்கள், எங்கும் தோண்டாதீர்கள். தோண்டவும் தேவையில்லை. கூட இருந்த ஃபெல்ஸ்பார் மட்கிக் களிமண்ணாகிக் கரைந்துவிடுகிறது, குருந்தம் மட்டும் கரையாமல் கொறங்காட்டு மேய்ச்சல் மண்மேல் தனியாக நிற்கிறது. அப்படி ஒரு கல் கண்ணில் பட்டால் உடனே கழுவிப் பளபளப்பைத் தேடாமல், அதன் பள்ளங்களில் ஒட்டியிருக்கும் வெள்ளைத் துணுக்கைப் பாருங்கள். கத்தி முனை அதில் மெதுவாகவாவது கோடு போட்டால் அது பெரும்பாலும் ஃபெல்ஸ்பார், அந்தக் கல் பிறந்த வீட்டின் சுவர்த்துண்டு. பிறகு தண்ணீர் ஓடிவந்த வழியைப் பிடித்துக்கொண்டு கிளுவை வேலியோரமாக மேட்டுப்பக்கம் நடந்து, வெங்கச்சாங்கல் எந்த இடத்தில் குறையத் தொடங்குகிறது என்று கவனியுங்கள்.