இரு வாயில்கள்

பத்துப்பாட்டுள் இரண்டு வாயில்கள் எம் கருத்தை ஈர்க்கின்றன. ஒன்று, நக்கீரர் நெடுநல்வாடையில் காட்டுவது. மற்றொன்று, நல்லூர் நத்தத்தனார் சிறுபாணாற்றுப்படையில் காட்டுவது.

நக்கீரரின் அரண்மனை, நண்பகல் நிழலால் திசை தேர்ந்து, நூல் வல்லார் கயிறிட்டு வகுத்தது. வெற்றிக் கொடியோடு யானை புகுமளவு உயர்ந்தது அதன் வாயில். பண்டைத் தமிழரின் கட்டடக்கலைக்குச் சான்றாக இப்பகுதியை எடுத்துக்காட்டுவர் அறிஞர். அஃது உண்மையே, ஆயினும் பாட்டு அதனோடு நிற்கவில்லை. அரசனன்றிப் பிற ஆடவர் அணுகாத உள்மனையில், தந்தக் கட்டிலில், தலைவி கண்ணீர் உகுக்கிறாள். அரசனோ பாசறையில் இருக்கிறான். மாளிகை ஓங்க ஓங்க அவள் தனிமையும் ஓங்குகிறது.

ஒய்மா நாட்டு நல்லியக்கோடனின் வாயில் வேறு. பொருநர், புலவர், அந்தணர் ஆகியோர்க்கு அது மூடுவதில்லை. மலையொன்று கண் திறந்ததற்கு அதனை ஒப்பிடுகிறார் நத்தத்தனார். யானையை வைத்து அளந்தார் அவர். வருவோரை வைத்து அளந்தார் இவர்.

இவ்வளவுகோலை நம் அண்டையிலும் வைத்துப் பார்ப்போம். மட்டாஞ்சேரி அரண்மனையைப் போர்த்துக்கீசியர் 1555-ஆம் ஆண்டளவில் கட்டிக் கொச்சி மன்னருக்கு அளித்தனர். 1663-இல் டச்சுக்காரர் புதுப்பித்தனர். பெயரும் டச்சு அரண்மனை என்றே வழங்குகிறது. ஆயினும் நடுமுற்றத்தில் பழையன்னூர் பகவதி கோயில். சுவர்களில் இராமாயண ஓவியங்கள். கட்டியவர் அயலார்; வீடு வாழ்ந்தவருடையதாயிற்று. அருகிலேயே 1568-இல் எழுந்த யூதர் தொழுகைக்கூடமும் உள்ளது.

நாம் வாழும் வெலிங்டன் தீவின் பெரும்பகுதி, துறைமுகத்தை ஆழப்படுத்த அள்ளிய மண்ணால் பிரிஸ்டோ என்னும் பொறியாளர் காலத்தில் உருவானது. இங்குள்ள அரசுக் குடியிருப்புகளில் திண்ணை இல்லையே என நம்மவர் ஏங்குவதுண்டு, யாமும் ஏங்கியிருக்கிறோம். ஆனால் ஊர்த் திண்ணை எல்லார்க்கும் இருக்கை தந்ததா? வழிப்போக்கருக்கு நிழல் தந்த அதுவே, யார் அமரலாம், யார் தெருவில் நிற்கவேண்டும் என்று சாதி வகுத்த எல்லையாகவும் இருந்தது. நத்தத்தனாரின் வாயிலிலும் மூவகையினரே சுட்டப்படுகின்றனர் என்பதை மறைத்தல் நேர்மையாகாது.

திண்ணையற்ற இவ்வீடுகளில் மலையாளியும் கொங்கணியும் நமக்குச் சுவரொட்டிய அண்டை வீட்டார். நம் படியில் இடும் கோலம், இது தமிழர் வீடு என்று கூறும். அக்கோலத்தைக் கடந்து யாரை உள்ளே அழைத்து அமர்த்துகிறோம் என்பதே, நம் வாயில் அவ்விரண்டில் எதற்கு உறவு என்பதைக் கூறும்.